தாயம் விழாமல் காய் இறக்கலாமா?

கரூர் வாத்தியார்:
நேற்று இங்கே ஒரு சகோதரி எழுதியிருந்தார். வீட்டில் பரபரப்பு குறைய வேண்டும் என்று இரவு எட்டு மணிக்கு எல்லோருடைய போனையும் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தாயம் ஆடுகிறார்களாம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்கலாம் என்பது விதி. அதுவரை காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பதால், எந்த எண் விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று மாற்றிவிட்டார்களாம். வீடே அமைதியாகிவிட்டதாம். போனை ஓரமாக வைத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் தாயம் விழாமல் காய் இறங்கினால் அது எப்படித் தாயம் ஆகும்? என் தம்பிக்கு ஒரு ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு, பால் காய்ச்சி, அது ஆறும்வரை தாயம் விழவே இல்லை. கட்டையை உள்ளங்கைகளுக்குள் வைத்து ஊதுவான், நெற்றியில் ஒற்றிக்கொள்வான், உருட்டுவான், மூன்று விழும். கடைசியில் தாயம் விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தாத்தா எழுந்து வந்துவிட்டார். அந்தக் கூச்சல்தான் சந்தோஷம். அதை எடுத்துவிட்டுக் கட்டத்தில் காயை நகர்த்துவதில் என்ன இருக்கிறது?

மூன்று பிள்ளை அம்மா:
எழுதியது நான்தான் சார். ‘ஒரு சகோதரி’ என்று சுற்றி வளைக்க வேண்டாம். காலை 6.10க்குக் கம்பெனி பஸ். வீடு திரும்ப ஏழாகிவிடும். பெரியவளுக்கு டியூஷன், நடுவிலவனுக்குக் கராத்தே. நாங்கள் ஐந்து பேரும் ஒரே தரையில் உட்காருவது அந்த நாற்பது நிமிடம்தான். முதல் வாரம் உங்கள் விதிப்படிதான் ஆடினோம். அக்காவும் அண்ணனும் இரண்டு காய் இறக்கி, யாரும் வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு வயதுச் சின்னவனுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. சாக்பீஸில் போட்ட கட்டத்தைக் காலாலேயே அழித்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவனைச் சமாதானம் செய்து தூங்கவைக்கும்போது மணி பத்தரை. இதுவா சார் அமைதி?

கணக்குப்பிள்ளை:
சின்னவன் மேல் தப்பில்லை. கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறுமை என்று நான்கு முகம். மொத்தம் 16 விதமாக விழலாம். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை வந்தால்தான் தாயம், அது 2 விதம்தான். ஆக 8 உருட்டலுக்கு ஒரு தாயம். பத்துத் தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வாய்ப்பு இருக்கிறது. ஐந்து பேர் ஆடினால் யாரோ ஒருவர் வெறுமனே உட்கார்ந்திருப்பது அன்றாடம் நடக்கும்.

கரூர் வாத்தியார்:
கணக்குச் சொன்னதற்கு நன்றி, அது என் பக்கம்தான் சாய்கிறது. எட்டில் ஒன்று என்பதால்தானே அது விழும்போது அவ்வளவு மகிழ்ச்சி? கேட்டதும் கிடைத்துவிட வேண்டும் என்று வளர்த்தால் நாளைக்கு அந்தப் பிள்ளை எதற்குத்தான் காத்திருக்கும்? முப்பத்தோரு வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். தாயம் விழாமல் காய் இறங்கக் கூடாது.

சின்னமனூரான்:
ஐயா, எல்லோர் வீட்டிலும் பித்தளைக் கட்டை இருந்தது மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் நான்கு புளியங்கொட்டைதான். ஒரு பக்கத்தைத் திண்ணையில் தேய்த்து வெள்ளையாக்குவோம். விரல் சூடு தாங்காது, எச்சில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்போம். ஒரே ஒரு வெள்ளை மட்டும் மேலே விழுந்தால் தாயம். கட்டையைவிடச் சீக்கிரம் விழும். அக்கா, கொட்டைக்கு மாறுங்கள், சின்னவன் அழமாட்டான்.

கணக்குப்பிள்ளை:
சரிதான். இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் 16இல் 4, அதாவது நாலில் ஒன்று.

கரூர் வாத்தியார்:
தேய்த்த கொட்டை சமமாக விழும் என்று யார் சொன்னது? ஒருவன் கொஞ்சம் தேய்ப்பான், இன்னொருவன் பாதியாகும்வரை தேய்ப்பான். கட்டைதான் நியாயம்.

சின்னமனூரான்:
எங்கள் அப்பத்தா தேய்த்த கொட்டையை நியாயமில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

ஸ்ரீரங்கத்துப் பெரியம்மா:
வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கப் பரமபதமும் தாயமும் ஆடுவதுண்டு. தினமும் வீட்டில் கட்டை உருட்டினால் நல்லதில்லை என்பார்கள் எங்கள் பெரியவர்கள். சகுனி உருட்டியதும் அதைத்தானே?

மூன்று பிள்ளை அம்மா:
பெரியம்மா, நாங்கள் ராஜ்யத்தை வைத்து ஆடவில்லை. தோற்றவர் மறுநாள் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பூர் மருமகள்:
எல்லோரும் கட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். எட்டு மணிக்கு ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்தால் தோசைக்கல்லைக் கழுவுவது யார்? மறுநாளுக்கு மாவை எடுத்துவைப்பது யார்? வாத்தியார் ஐயா, உங்கள் வீட்டில் தெருவே கேட்கக் கத்தினீர்களே, அந்த ஆட்டத்தில் உங்கள் அம்மாவுக்கு எத்தனை காய்?

கரூர் வாத்தியார்:
அம்மா உட்கார்ந்து ஆடியதில்லை. ஆனால் அடுப்படியில் இருந்தபடியே ‘யாருக்குடா விழுந்தது?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கும் அதில் சந்தோஷம்தான்.

திருப்பூர் மருமகள்:
அவரிடம் கேட்டீர்களா? பால் காய்ச்சி ஆறும்வரை என்று எழுதினீர்களே, காய்ச்சியது யார் என்று எழுதவில்லை. என் மாமியார் வீட்டிலும் இதே கதைதான். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும், நான் பாத்திரத்தோடு நிற்பேன். முதலில் எல்லோரும் சேர்ந்து பாத்திரத்தைக் கழுவுங்கள், பிறகு எந்த விதியில் வேண்டுமானாலும் ஆடுங்கள்.

மூன்று பிள்ளை அம்மா:
எங்கள் வீட்டில் அவர் கழுவுவார், பெரியவள் துடைத்து அடுக்குவாள். அதற்குத்தான் எட்டு மணி என்று வைத்தோம்.

கரூர் வாத்தியார்:
பேச்சு திசை மாறுகிறது. நான் கேட்டது ஒன்றுதான். தாயம் விழாமல் காய் இறக்கலாமா, கூடாதா? என் அம்மாவை இதில் இழுக்க வேண்டாம்.

புள்ளிக்கோலம்:
இவர் இப்படித்தான். போன பொங்கல் கோலப் போட்டிக்கு நடுவராக வந்து, 15 புள்ளியில் ஒரு புள்ளி விலகியிருக்கிறது என்று என் மகளின் கோலத்தைத் தள்ளினாரே, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் அவள் கோலமாவைத் தொடவே இல்லை.

கரூர் வாத்தியார்:
ஞாபகம் இருக்கிறது. புள்ளி விலகித்தான் இருந்தது. அம்மா, போட்டி வேறு, வாசலில் போடுவது வேறு.

புள்ளிக்கோலம்:
வீட்டில் ஆடும் தாயம் மட்டும் போட்டியா? அதற்கு எதற்கு நடுவர்?

கரூர் வாத்தியார்:
விதி இல்லாமல் எதுவும் விளையாட்டு ஆகாது. என் பேரன் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது இதே சின்னவன் வயதுதான். அவனும் அழுதான். மடியில் உட்காரவைத்து, அவன் கைமேல் என் கையை வைத்து உருட்டினேன். நான்காம் நாள் தாயம் விழுந்தது. ஊருக்குத் திரும்பிப் போகும்போது துணிமணிக்கு நடுவே அந்தக் கட்டையைத்தான் எடுத்துப் போனான். பிள்ளை அழுதால் கூட உட்காருங்கள், விதியை மாற்றாதீர்கள்.

மூன்று பிள்ளை அம்மா:
உங்களுக்கு நான்கு நாள் இருந்தது சார். எனக்கு நாற்பது நிமிடம்தான் இருக்கிறது. இன்று இரவும் எங்கள் விதிப்படியேதான் ஆடப்போகிறோம்.

கரூர் வாத்தியார்:
ஆடுங்கள், தாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்னொன்று, எதிராளி காயை ஒன்றாவது வெட்டினால்தானே உள்கட்டத்துக்குள் போகலாம்? அதையாவது வைத்திருக்கிறீர்களா?

மூன்று பிள்ளை அம்மா:
வெட்டையும் எடுத்துவிட்டோம். வெட்டினால் நடுவிலவனும் சின்னவனும் அடித்துக்கொள்கிறார்கள்.

கரூர் வாத்தியார்:
வெட்டும் இல்லை என்றால் காயைக் கரைசேர்த்துப் பழம் எடுப்பதில் என்ன அர்த்தம் சகோதரி? சுற்றி வந்தவர்கள் எல்லோருக்கும் பழமா? சாப்பிட்டுவிட்டு வருகிறேன், இதை நான் விடப்போவதில்லை.

சின்னமனூரான்:
சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வாருங்கள் ஐயா. புளியங்கொட்டை பற்றிச் சொன்னதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.