டீசல் முள் சரியாகக் காட்டவில்லை, மீட்டர் மாற்றியும் அதே கதை

சங்ககிரி_ஆறுசக்கரம்:
வணக்கம். என்னுடையது 2003 மாடல் ஆறு சக்கர லாரி, 24 வோல்ட். மூன்று மாதமாக டீசல் முள்ளை நம்ப முடியவில்லை. போன வாரம் சேலத்தில் இருந்து ஓசூருக்கு லோடு. முள் கால் டேங்குக்கு மேலேயே நிற்கிறதே, கிருஷ்ணகிரியில் போட்டுக்கொள்ளலாம் என்று தொப்பூர் ஏற்றத்தில் ஏறினேன். பாதி மேட்டில் இழுவை குறைந்து வண்டி நின்றுவிட்டது, டேங்க் காய்ந்து கிடக்கிறது. ராத்திரி பதினொன்றரை மணி, கிளீனர் தம்பி சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு கேனோடு பங்க் வரைக்கும் போய் வந்தான், அப்புறம் ஃபில்டரில் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை ஆகிவிட்டது. அந்த இடத்தில் லோடு வண்டியோடு இருட்டில் நிற்பது எவ்வளவு பயம் என்று அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஒரு பட்டறையில் மீட்டர் போய்விட்டது என்று சொல்லிப் புதுசு போட்டார்கள், 1,800 ரூபாய். எந்த மாற்றமும் இல்லை. டெம்பரேச்சர் முள் ஒழுங்காக வேலை செய்கிறது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் மட்டும் டீசல் முள் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. டேங்குக்குள் மிதவையோடு இருந்து முள்ளுக்கு அளவு சொல்லும் டேங்க் யூனிட்டையும் மாற்றிவிடலாமா?

கரூர்_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்:
அண்ணே, யூனிட் வாங்காதீர்கள். லைட் போட்டால் முள் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டேங்க் யூனிட்டின் எர்த்தும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்) பின் லைட்டின் எர்த்தும் சேசிஸில் ஒரே போல்ட்டில் சேர்ந்திருக்கும், அந்த போல்ட்டில் துரு ஏறியிருக்கும் என்பது என் சந்தேகம். மிதவை ஏறி இறங்கும்போது யூனிட்டின் ஓம் (கரண்டைத் தடுக்கும் அளவு) மாறுகிறது, பல வண்டிகளில் காலியில் 10, ஃபுல்லில் 180 என்ற கணக்கு. துருவின் ஓமும் இதோடு சேர்ந்துவிட்டால் காலி டேங்கே கால் டேங்க் மாதிரி தெரியும். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடியிருந்தால் மீட்டருக்கு வரும் கரண்டைச் சந்தேகப்படலாம், இங்கே அது இல்லை.

சாவியை ஆஃப் செய்துவிட்டு யூனிட் தலையில் இருக்கும் ஒயரைக் கழற்றுங்கள். சாவி போட்டுப் பாருங்கள், முள் ஃபுல்லைத் தாண்டி ஓட வேண்டும். அதே ஒயரை சேசிஸில் சுத்தமான இரும்பில் தொட்டால் எம்ப்டிக்குக் கீழே விழ வேண்டும். (சில வண்டிகளில் இது நேர் தலைகீழ்.) இரண்டு பக்கமும் முள் போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து சாவியை ஆஃப் செய்து மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். யூனிட் தலைக்கும் யூனிட் உடம்புக்கும் ஒரு தடவை, யூனிட் தலைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் ஒரு தடவை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும், இரண்டாவது ரொம்ப அதிகமாக வந்தால் எர்த்தில்தான் கோளாறு.

தயவு செய்து பேட்டரியில் இருந்து நேராக 24 வோல்ட்டை யூனிட்டுக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சில பேர் டெஸ்ட் லேம்ப்போடு அப்படிச் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று கருகிவிடும், அது டேங்குக்குள் நடக்கிற விஷயம்.

முப்பது_வருஷ_டிரைவர்:
தம்பி சொன்ன எர்த்தை முதலில் பாருங்க. அது சரியாக இருந்தால் யூனிட்டைக் கழற்றி மிதவைக் கம்பியைக் கையால் மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள், வளைந்து டேங்க் சுவரில் உரசினால் பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கியும் பார்க்கலாம், ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே டீசல் தளும்புகிற சத்தம் கேட்கும். ஆனால் அப்படி முழுகிப்போன மிதவை காலி என்றுதான் காட்டும், உங்களுக்கு நடப்பது அது இல்லை.

எது எப்படியோ, ஒரு மரக்கம்பு வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் காலியாகும் ஒரு நாள் சமமான தரையில் வண்டியை நிறுத்தி, 20 லிட்டர் ஊற்றுவது, கம்பை விட்டு நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு, மறுபடி 20 லிட்டர். நான் முள் வேலை செய்கிற வண்டியிலும் இதைப் பார்க்காமல் மலை ஏற மாட்டேன்.

சங்ககிரி_ஆறுசக்கரம்:
சரியாகிவிட்டது, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒயரைக் கழற்றியதும் முள் ஃபுல்லைத் தாண்டியது, சேசிஸில் தொட்டதும் கீழே விழுந்தது. யூனிட் உடம்போடு வைத்தால் 24 ஓம், பேட்டரி நெகட்டிவோடு வைத்தால் 71. டேங்குக்குப் பின்னால் சேசிஸின் உள்பக்கம் அந்த போல்ட் இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே பின் லைட் ஒயரும் அதில்தான். போன வருஷம் பெயிண்ட் அடித்தபோது வாஷருக்கு அடியிலும் பெயிண்ட் போயிருக்கிறது. சுரண்டியதும் பெயிண்டோடு சேர்ந்து பச்சையும் பழுப்புமாகத் துரு உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து, ஒயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிட்டேன். இப்போது ஹெட்லைட் போட்டால் முள் அசையவில்லை. பின் லைட்டும் முன்பைவிட நன்றாக எரிகிறது. கம்பும் தயார், 8 வெட்டு போட்டிருக்கிறேன்.

கரூர்_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்:
சந்தோஷம் அண்ணே. கழற்றிய பழைய மீட்டர் கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நல்ல மீட்டராகத்தான் இருக்கும்.