காதுச் சொட்டு மருந்து: வலி நின்றதும் நிறுத்தியது என் தவறு

போன மாதம் காதுக்குள் ஒரே குடைச்சல். மடலைத் தொட்டாலே உயிர் போகிற வலி. வெளிக்காதுக் குழாயில் தொற்று என்று சொல்லி, சிப்ரோஃப்ளாக்சசினும் (கிருமியைக் கொல்வது) டெக்சாமெத்தசோனும் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) கலந்த சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். காலையில் 4 சொட்டு, இரவில் 4 சொட்டு, 7 நாள். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. சரி, குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். அடுத்த வாரமே மறுபடி வலி, இந்த முறை சீழும் வந்தது. திரும்பப் போனபோதுதான் புரிந்தது: வீக்கத்தையும் வலியையும் ஸ்டீராய்டு சீக்கிரம் அடக்கிவிடுகிறது, கிருமி அதற்குள் முழுதாகச் சாவதில்லை. இரண்டாவது தடவை 7 நாளும் விட்டேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இன்னொன்று. முதல் தடவை மருந்தைக் குளிர்ச்சியாகவே விட்டேன், அறையே சுற்றியது. பயந்துபோனேன். குளிர்ந்த சொட்டு உள்காதின் சமநிலை உறுப்பைத் தூண்டுவதால் அப்படி ஆகுமாம். இப்போது புட்டியை ஓரிரு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துவிட்டுத்தான் விடுகிறேன். அப்புறம் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடிப்பை நாலைந்து முறை அழுத்திவிட்டு, ஒரு நிமிடமாவது ஒருக்களித்தே படுத்திருப்பேன்.

* * *

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அம்மாவுக்கு 7 நாள் மருந்து முடிந்தும் புட்டியில் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று மூன்று வாரம் விட்டுக்கொண்டே இருந்தார். வலி இல்லை, ஆனால் தாங்க முடியாத அரிப்பு, காது அடைப்பு. பார்த்தால் உள்ளே பூஞ்சை. பாக்டீரியா எல்லாம் செத்து, ஸ்டீராய்டால் அந்த இடத்தின் எதிர்ப்பும் குறைந்துபோனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். அந்த மருந்தை நிறுத்தி, காதைச் சுத்தம் செய்து, பூஞ்சைக்கு வேறு சொட்டு விட வேண்டியதாயிற்று. பாவம், நிறையச் சிரமப்பட்டார்.

* * *

நான் சொல்ல வருவது பழைய புட்டியைப் பற்றி. தங்கையின் மகனுக்குக் காதில் சீழ். வீட்டில் யாருக்கோ வாங்கிய நியோமைசின், பாலிமிக்சின், ஹைட்ரோகார்ட்டிசோன் கலந்த சொட்டு இருந்தது. விடப்போன நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போனோம். செவிப்பறையில் ஓட்டை இருந்தது! நியோமைசின் ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் திறனையே கெடுக்கலாம். அவனுக்கு ஆஃப்ளாக்சசின் சொட்டுதான் கொடுத்தார்.

அந்தப் பழைய மருந்தை ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை விடச் சொல்வார்கள், 10 நாளுக்கு மேல் கூடாது. வெளிக்காதுத் தொற்றுக்கு ஆஃப்ளாக்சசினை ஒரு நாளைக்கு ஒரே முறை விடச் சொல்வதும் உண்டு. ‘எத்தனை முறை’ என்பது மருந்துக்கு மருந்து மாறும். தயவுசெய்து ஒருவர் சீட்டைப் பார்த்து இன்னொருவர் விடாதீர்கள்.

அவனுக்கு இரண்டரை வயது. பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுப்போம், இந்த வயதுக் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். விழித்திருந்தால் திமிறுவான் என்று தூங்கிய பிறகுதான் இரவுச் சொட்டு விட்டோம்.