கூலிக்குப் பூச்சிமருந்து தெளிக்க உரிமம் வேண்டுமா?

கேள்வி (டெல்டா உழவன்):
வணக்கம். என் வயலுக்கென வாங்கிய விசைத்தெளிப்பானைக் கொண்டு, அக்கம்பக்கத்து நெல் வயல்களுக்கும் கூலிக்கு மருந்து தெளித்துத் தர எண்ணியுள்ளேன். இதற்கு உரிமமோ பயிற்சியோ கட்டாயமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பயிர்க்காவலன்):
தாமே சாகுபடி செய்யும் நிலத்தில் தெளிப்பவருக்கு, 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 38ஆம் பிரிவில் விலக்களிக்கிறது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1971ஆம் ஆண்டு விதிகள், வணிக நோக்கிலான பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியில் வயல்வெளித் தெளிப்பையும் சேர்த்திருப்பதால், கூலிக்குத் தெளிப்பது அந்த விலக்கில் அடங்காது. உரிமம் கோருபவர் வேளாண்மையிலோ, வேதியியலைப் பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்று, மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் எதிர்பார்ப்பு. கிடங்குப் புகையூட்டத்திற்கு (நச்சு வாயு செலுத்திப் பூச்சிகளை ஒழிப்பதற்கு) பொருத்தமான இத்தகுதி, ஊர்ப்புறத் தெளிப்பாளருக்கு எட்டாக்கனி என்றே கருதுகிறேன்.

மறுமொழி (மண்வாசம்):
உரிமம் ஒருபுறமிருக்க, 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த தொழிலாளர்கள் பலர் நஞ்சேறி இறந்ததை எண்ணினால், பயிற்சியைத் தள்ளிப்போட இயலாது. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். மருந்துப் புட்டியின் அடையாளச் சீட்டில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கடும் நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை படிப்படியாகக் குறையும். காற்றை எதிர்த்துத் தெளிக்க வேண்டாம். அடைத்துக்கொண்ட நுனிக்குழாயை வாயால் ஊதவே கூடாது.

டெல்டா உழவன்:
மிக்க நன்றி. நான் குத்தகைக்கு எடுத்துள்ள நிலத்திற்கும் விலக்கு உண்டா?

பயிர்க்காவலன்:
உண்டு. சட்டம் சாகுபடியைத்தான் பார்க்கிறது, பட்டாவை அன்று.