டாஃப்னியில் பைனரி சர்ச் வெரிஃபை ஆகவில்லை – அவசரம்

அரைப்புள்ளி:
கோட் சரின்னு கணித முறையில் நிரூபிச்சுக் காட்டும் மொழியான டாஃப்னியில் பைனரி சர்ச் (வரிசைப்படுத்தின பட்டியலைப் பாதி பாதியா வெட்டித் தேடுவது) எழுதினேன். லூப் இன்வேரியன்ட் (லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையா இருக்க வேண்டிய கூற்று) நிலைக்கவில்லைன்னு திரும்பத் திரும்ப எரர். கோட் சரிதான், ஓட்டிப் பார்த்தாச்சு. டைம் லிமிட்டைக் கூட்டியும் அதே கதை. நாளைக்கு கைடுகிட்ட காட்டணும். யாராவது சொல்லுங்க.

வெட்டிவேர்:
கோட் எங்கே? எந்த இன்வேரியன்ட்டில் சிவப்பு? ரெக்வயர்ஸில் (முன்நிபந்தனை) என்ன இருக்கு?

சுழல்பந்து:
இசட்3 (டாஃப்னிக்குப் பின்னாடி நிரூபணம் தேடும் கருவி) மூட் அப்படித்தான். ரேண்டம் சீடை (அது தேடும் போக்கை மாத்தும் எண்) மாத்திப் பாருங்க. மிட் (நடு இடம்) கணக்குல வகுத்தல் வருதுல்ல, அதுல தடுமாறும்.

வெட்டிவேர்:
2 என்கிற மாறிலியால் வகுப்பதற்கெல்லாம் இசட்3 தடுமாறாது. சீடை விடுங்க.

பழையபஞ்சாங்கம்:
கணினி விஞ்ஞானி ஹோர் 1969-லேயே எழுதி வச்சதுதான் இதெல்லாம். இன்வேரியன்ட்னா என்னன்னு படிச்சிட்டு வந்து கேட்டா எங்களுக்கும் நேரம் மிச்சம்.

அரைப்புள்ளி:
ரெக்வயர்ஸ் சார்ட்டட்(ஏ), அதாவது ஏ பட்டியல் ஏறுவரிசையில் இருக்கணும். தேட மிச்சமிருக்கும் பகுதி லோவிலிருந்து ஹைக்கு முன்னாடி வரை; கீ தேடும் மதிப்பு. இன்வேரியன்ட் மூணு: 0 <= லோ <= ஹை <= ஏ.நீளம், லோவுக்கு முன்னாடி இருப்பதெல்லாம் கீயை விடச் சின்னது, ஹையிலிருந்து கடைசி வரை எல்லாம் பெரிசு. பின்ன ரெண்டுலயும் சிவப்பு.

கடல்நண்டு:
மிட் = (லோ+ஹை)/2 தானே? அங்கதான் வில்லங்கம். ஜாவா லைப்ரரியிலேயே இந்த ஓவர்ஃப்ளோ (கூட்டுத்தொகை எண் வகையின் எல்லையைத் தாண்டுவது) பல வருஷம் கிடந்து 2006-ல் ஜோஷுவா பிளாக் எழுதின பிறகுதான் ஊருக்குத் தெரிஞ்சது. லோ + (ஹை-லோ)/2 போடுங்க.

வெட்டிவேர்:
டாஃப்னி இன்ட்டுக்கு எல்லையே கிடையாது, அது கணித முழு எண். ஓவர்ஃப்ளோ எங்கிருந்து வரும்?

கடல்நண்டு:
அப்போ நிஜ மெஷினில் ஓடும் கோடை நிரூபிக்கலைன்னு ஆகுதே!

வெட்டிவேர்:
சி ஷார்ப்புக்கு மாத்தும்போது இன்ட் பிக்இன்டிஜராத்தான் (எல்லையில்லா முழு எண்) போகும். 32 பிட் வேணும்னா நியூடைப் (நாமே வரையறுக்கும் எண் வகை) வச்சு எல்லை கட்டுங்க, அப்போ அந்தக் கூட்டலை டாஃப்னியே பிடிக்கும்.

ஒற்றைத்திண்ணை:
சண்டை இருக்கட்டும். சார்ட்டட்-ஐ எப்படி எழுதியிருக்கீங்க? ஏ[ஐ] <= ஏ[ஐ+1] என்றா?

அரைப்புள்ளி:
ஆமா. தப்பா?

ஒற்றைத்திண்ணை:
அர்த்தம் சரி, ஆனா இசட்3-க்கு எட்டாது. ஏ[மிட்] < கீ என்றால் லோ = மிட்+1 ஆகுது. அப்போ மிட்டுக்கு முன்னாடி உள்ள ஒவ்வொண்ணும் ஏ[மிட்]-ஐத் தாண்டாதுன்னு தெரியணும். பக்கத்துப் பக்கத்து ஜோடியை மட்டும் வச்சு அங்க போய்ச் சேர, படிப்படியா ஏறி நிரூபிக்கும் இண்டக்‌ஷன் வேணும். இசட்3 தானா இண்டக்‌ஷன் போடாது. டைம் லிமிட் கூட்டி லாபமில்லை. இப்படி மாத்துங்க: 0 <= ஐ < ஜே < ஏ.நீளம் எனில் ஏ[ஐ] <= ஏ[ஜே].

பழைய வரையறையே வேணும்னா ஒரு லெம்மா (துணை நிரூபணம்) எழுதுங்க. ரெக்வயர்ஸ்: சார்ட்டட்(ஏ), 0 <= ஐ <= ஜே < ஏ.நீளம். என்ஷ்யூர்ஸ் (முடிவில் கிடைக்கும் உறுதி): ஏ[ஐ] <= ஏ[ஜே]. உடம்பில் ஐ < ஜே என்றால் ஜே-1 வச்சு தன்னையே கூப்பிடணும், அவ்வளவுதான். லூப்புக்குள்ள ரெண்டு கிளையிலும் ஃபார்ஆல் ஸ்டேட்மென்ட் (எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சொல்வது) போட்டு அதைக் கூப்பிடுங்க: ஒண்ணுல மிட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணுல அந்தப் பக்கம்.

அரைப்புள்ளி:
முதல் வழி. பச்சை வந்துடுச்சு. நன்றி அண்ணா.

கடல்நண்டு:
நியூடைப் போட்டுப் பார்த்தீங்களா?