புதுப்பிப்பு: கண் வீங்கிய சிவப்புக் காது ஆமை தின்ன ஆரம்பித்துவிட்டது

கொழிஞ்சாம்பாறையில் வீடு காலி செய்தவர்கள் வாளியோடு விட்டுப்போன ஆமையைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். கண் வீங்கி மூடியிருந்தது, ஓடு அழுத்தினால் அமுங்கியது, எதையும் தின்னவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஜன்னல் வெயில் போதாது, ஓடு இறுகத் தேவையான யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்" என்ற பதில்தான். ஏறி உட்கார ஒரு செங்கல், மேலே யுவிபி விளக்கு வைத்தேன். கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். 11ஆம் நாள் இடது கண் பாதி திறந்தது. முருங்கைக்கீரையை என் விரலிலிருந்தே இழுத்தது!

எதிர்பாராதது: ஓட்டிலிருந்து கண்ணாடித்தாள் போல மெல்லிய செதில்கள் உரிந்தன. பயந்தே போனேன். வளரும்போது அப்படித்தான் உரியுமாம். ஓடு இன்னும் முழுசாக இறுகவில்லை.

அப்புறம், குளத்தில் விடச் சொன்னவர்களுக்கு: இது அமெரிக்க இனம், நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். விடமாட்டேன்.