ஜேர்மனியில இருந்து வந்த றேடியோ மணிக்கூடு 12இலயே நிக்குது, பழுதோ?

கொக்குவில்_பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். சித்தப்பா ஜேர்மனியில இருந்து வரேக்க ஒரு சுவர் மணிக்கூடு கொண்டுவந்தவர், தானாவே நேரம் சரிபண்ணுமாம், அங்க வீட்டில வடிவா ஓடினதாம். இங்க பற்றறி போட்டவுடன முள்ளெல்லாம் கடகடவெண்டு சுத்திப்போய் 12இல நிண்டிடுது, பிறகு ஒரு அசைவும் இல்ல. புதுப் பற்றறியும் போட்டுப் பாத்தாச்சு. வைஃபை குடுக்க வேணுமோ எண்டால் அப்பிடி ஒண்டையும் காணேல்ல, பின்னால ரெண்டு மூண்டு பட்டன் மட்டும்தான். அம்மா "இங்க கடையில வாங்கியிருக்கலாம்" எண்டு சித்தப்பாவுக்குக் கேக்கக்கூடிய மாதிரியே சொல்லிக்கொண்டு திரியிறா. என்ன செய்யலாம்?

திருமலைக்காரன்:
முந்தி எங்கட பக்கம் பெர்காராவில ஜேர்மன்காரற்ற டொச்ச வெல்ல வானொலியின்ர ரிலே ஸ்ரேசன் இருந்தது, அது இருந்திருந்தா மணிக்கூட்டுக்கு சிக்னல் பிடிச்சிருக்குமோ 😄 யன்னல் பக்கம் வச்சுப் பாருங்கோ.

பழைய_றேடியோ:
யன்னல் இல்ல, தண்ணித்தாங்கி உச்சியில ஏத்தினாலும் வராது தம்பி. திருமலையில இருந்து போனது சிற்றலை, அது நிகழ்ச்சி கேக்க. உங்கட மணிக்கூடு தேடுறது நெட்டலை, 77.5 கிலோஹேர்ட்ஸ். டிசிஎஃப்77 எண்டு பேர், ஃபிராங்பேர்ட்டுக்குக் கிட்ட மைன்ஃபிளிங்கன் எண்ட இடத்தில இருந்து 50 கிலோவாற் பவரில போகுது, அணுக்கடிகாரத்தை வச்சு நடத்திறது பிடிபி எண்ட அவையின்ர அளவீட்டு நிறுவனம். நெட்டலை நிலத்தோட ஒட்டிப் போறதால சுவர் தாண்டி வீட்டுக்குள்ளயும் வரும், ஆனா நல்லா எடுத்தா 2000 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் 7500க்கும் மேல.

வேலை செய்யிற விதம் நல்ல வடிவு. ஒவ்வொரு செக்கன் தொடக்கத்திலயும் அலையின்ர பலத்தை 15 வீதத்துக்குக் குறைப்பினம், 0.1 செக்கன் குறைஞ்சா பூச்சியம், 0.2 எண்டால் ஒண்டு. 59ஆவது செக்கனில மட்டும் குறைக்கிறேல்ல, அதை வச்சுத்தான் அடுத்த நிமிசம் எங்க தொடங்குது எண்டு மணிக்கூட்டுக்குத் தெரியும். இப்பிடி ஒரு நிமிசத்துக்குள்ள நிமிசம், மணி, திகதி, கிழமை, மாசம், வருசம் எல்லாம் போயிடும், பிழை பிடிக்கிற பிற்றும் இருக்கு, அதோட மணிக்கூடு ஒரு தரம் கேட்டதை நம்பாது, அடுத்தடுத்த நிமிசங்களும் ஒத்துவந்தாத்தான் எடுக்கும்.

12இல நிக்கிறது பழுது இல்ல. முள்ளு எங்க நிக்குது எண்டு அதுக்குத் தெரியாதே, அதால முதல்ல 12க்குக் கொண்டுபோய் வச்சிட்டு சிக்னலைப் பாத்துக்கொண்டு நிக்கும். பின்னால எம்.செற் எண்டு பட்டன் இருந்தா கொஞ்ச நேரம் அமத்திப் பிடியுங்கோ, முள்ளு சுத்தும், நேரம் வந்தவுடன விடுங்கோ. பிறகு சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு மாதிரி ஓடும், நாளுக்கு அரைச் செக்கன் கூடும் இல்லாட்டிக் குறையும், அவ்வளவுதான்.

திருமலைக்காரன்:
அப்ப கிட்ட வேற நாட்டு சிக்னல் ஒண்டும் இல்லையோ?

பழைய_றேடியோ:
கிட்ட எண்டால் சீனா, ஷாங்சியூவில இருந்து 68.5 கிலோஹேர்ட்ஸ். அதுவும் இங்கயிருந்து 4500 கிலோமீற்றர் வரும். ஜப்பான்ர 40, 60 கிலோஹேர்ட்ஸ் சிக்னல் ரெண்டும் இன்னும் தூரம். எப்பிடியும் ஜேர்மன் மணிக்கூடு 77.5 மட்டும்தான் கேக்கும்.

வந்தாலும் இன்னொரு கரைச்சல், கனக்க டிஜிட்டல் மணிக்கூட்டில நேர வலயத்தை முழு மணித்தியாலமாத்தான் மாத்தலாம், எங்கட அஞ்சரைக்கு இடமே இல்ல. 1996இல இருந்து 2006 வரைக்கும் அரசாங்கம் ஒரு நேரம் வன்னி ஒரு நேரம் எண்டு இருந்த சனத்துக்கு இந்த அரை மணித்தியாலக் கணக்கெல்லாம் புதுசில்ல எண்டு வையுங்கோ.

சோல்டரிங்_தங்கச்சி:
பழைய அண்ணை சொன்னது சரி, ஆனா தானா சரிபண்ண வைக்கவும் வழி இருக்கு. ஈஎஸ்பி32 எண்ட வைஃபை உள்ள சின்னக் கணினி போர்ட் ஒண்டு வாங்கி, வைஃபையால இன்ரநெற் நேரம் எடுத்து, ஒரு பின்னில 77.5 கிலோஹேர்ட்ஸ் பல்ஸ் விட்டு அதே நேரக் குறியீட்டை நீங்களே அனுப்பலாம். பின்னில ஒரு ரெசிஸ்ரர், சின்ன வயர் சுருள், அதை மணிக்கூட்டுக்குள்ள அன்ரெனாவா இருக்கிற ஃபெரைட் கம்பிக்குக் கிட்ட வச்சாக் காணும். இதில நீங்கள் அனுப்பிறது தான் "ஜேர்மன் நேரம்", நேர கொழும்பு நேரத்தையே அனுப்புங்கோ, அரை மணித்தியாலப் பிரச்சினையும் முடிஞ்சுது. போனில ஆப்பும் இருக்கு, 15.5 கிலோஹேர்ட்ஸ் சத்தத்தை ஃபுல் வொல்யூமில விடும், அதின்ர அஞ்சாவது ஹார்மோனிக், அதாவது அஞ்சு மடங்கு அலை, 77.5 தானே, ஸ்பீக்கர் கொயிலில இருந்து கசியிறதை மணிக்கூடு பிடிக்கும். சில போனில சரிவரும், சிலதில வராது.

கொக்குவில்_பெடியன்:
எம்.செற் அமத்தினன், ஓடுது!! நன்றி அண்ணை. ஈஎஸ்பி32 கதையும் ஆசையாத்தான் இருக்கு, அதை 24 மணித்தியாலமும் போட்டு வைக்க வேணுமோ?

சோல்டரிங்_தங்கச்சி:
தேவையில்ல, இந்த மணிக்கூடுகள் கூடுதலா சாமத்தில, ஒரு மணி தொடக்கம் மூண்டு மணிக்குள்ளதான் திரும்பத் தேடும், அந்த நேரம் மட்டும் அனுப்பினாக் காணும். கோட் எழுதேக்க ஒண்டைக் கவனியுங்கோ, அனுப்பிறது இப்பத்தைய நிமிசம் இல்ல, அடுத்து வரப்போற நிமிசம், இல்லாட்டி எப்பவும் ஒரு நிமிசம் பிந்தித்தான் காட்டும். வயரை நீட்டி அன்ரெனா கட்டிப்போடாதேங்கோ, லைசென்ஸ் இல்லாம அலை பரப்பேலாது, சில சென்ரிமீற்றர் போனாலே போதும்.