புதுப்பிப்பு: வால்வு ஆம்பில் எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர், மங்கல் போயிற்று

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பழைய எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கரை (உயர் வோல்ட் ஏற்றிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருவது) என் இஎல்34 வால்வு ஆம்பில் (இஎல்34 என்ற வெற்றிடக் குழாய்கள் போட்ட ஆம்ப்ளிஃபையர்) மாட்டினால் நாகஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறது, மழை வந்தால் இடது பக்கம் ‘டிக் டிக்’ என்கிறது என்று. இரண்டும் இப்போது சரி.

மங்கலுக்குக் காரணம் நான்தான். ஆம்பில் ஸ்பீக்கர் வயர் மாட்டும் முனைகளில் 16 ஓம் முனையில் கட்டியிருந்தேன். இந்த ஸ்பீக்கர் உள்ளுக்குள் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி. அதிர்வெண் ஏற ஏற அதன் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு, ஓமில் சொல்வது) இறங்கிக்கொண்டே போகும், வால்வு ஆம்ப் அங்கே திணறும். குறைந்த மின்மறுப்புக்கு ஏற்ற 4 ஓம் முனைக்கு மாற்றினேன். முதல் பாட்டிலேயே சீவாளியின் கரகரப்பு, மூச்சு எடுக்கும் இடம், ஜால்ராவின் ஓரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. உச்ச சத்தம் குறைந்தது உண்மை. தோட்டத்துத் திருவிழாவா நடத்தப்போகிறேன்?

அப்போது “ஆம்பின் வாட் பத்தாது அண்ணே” என்ற தம்பிக்கு: 1957இல் வந்த குவாட் கம்பெனியின் எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கரை அந்தக் காலத்தில் 15 வாட் வால்வு ஆம்பில்தான் ஓட்டினார்கள்.

டிக் டிக் சத்தம் ஈரமும் தூசும் சேர்ந்து செய்த வேலை. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட். ஈரத் தூசு வழியாக அது கசிகிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழைக்குக் கேட்கவா வேண்டும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க விட்டு, அப்புறம் வேக்குவம் வைத்து மெதுவாகத் தூசெடுத்தேன். ஜன்னலோரத்திலிருந்தும் நகர்த்தினேன். நேற்று கொட்டிய மழையில் மூன்று மணி நேரம் ஓடியது, ஒரு டிக் இல்லை.